சர்க்கரை வீட்டு இர்மா

இர்மா பார்ட்சன் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, புனித உர்பான் சிலையை அலாக்காகத் தூக்கி மோசல் ஆற்றில் எறிந்துவிட்டாள் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ரோட்லாய் ஊர் ரொட்டிக்கடையில் விசாரித்தால் சாமிக்கு மூக்கு உடைந்துவிட்டது என்பார்கள். முடிவெட்டும் கடையில் மூக்கோடு ஒரு கையும் போய்விடும். படகுத்துறைக்குப் போனால் சாமியே கிடையாது. கோப்லென்ஸ் பக்கம் மல்லாந்து மிதந்து போனதை யாரோ ஒருவருடைய மச்சான் கண்ணால் பார்த்திருக்கிறான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒயின் ஊரின் வாய்க்கு அண்டாமூடி வைத்தாலும் பற்றாது. நடந்தது வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சர்க்கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இர்மா வீட்டு வாசல் வளைவில் பச்சைக்கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். முற்றத்தில் மர பெஞ்சுகள், சொந்தத் திராட்சைச் சரிவில் விளைந்த ரீஸ்லிங் ஒயின், இரும்புச்சட்டியில் முறுகிய உருளைக்கிழங்கு அடை. மத்தியானத்துக்கு மேல் காபியும் உண்டு. காபியோடு சர்க்கரை வராது. கேட்டால் இர்மா வருவாள். அறுபது வயது, அப்பாவின் சாம்பல்நிறத் தொப்பி, கதவை அடைத்து நிற்கிற தோள்.

"சர்க்கரையா? எதிர் வீட்ல போய்க் கேளுங்க. பக்கத்து வீட்ல கேளுங்க. சாமியார் வீட்லயும் கேளுங்க. இந்த ஊர்ல எல்லா வீட்லயும் இருந்துச்சு. இந்த வீட்ல மட்டும் இல்ல."

வெளியூர்க்காரர்கள் ஏதோ வேடிக்கை என்று சிரிப்பார்கள். உள்ளூர்க்காரன் எவனாவது உட்கார்ந்திருந்தால் அவன் குனிந்து காபியைக் கசக்கக் கசக்கக் குடித்து முடிப்பான்.

அவளுக்குக் கோபம் வருவதற்குத் தனியாகக் காரணம் தேவையில்லை. ஒயின் கிண்ணத்தின் காம்பைப் பிடிக்காமல் வயிற்றைப் பிடித்துக் குடிப்பவனைப் பார்த்தால் வரும். டிராக்டர் இருமினால் வரும். இறங்கி அதன் சக்கரத்தில் ஓர் உதை விட்டு, "எங்க அப்பன் உன்னை வாங்கினப்பவே சொன்னேன்டா" என்பாள். ஊர்த்தலைவர் நோர்பெர்ட் கெட்டெர்ன் தன் நாயோடு காலையில் நடக்க வருவார். இர்மா நாய்க்கு வணக்கம் சொல்வாள். கயிற்றைப் பிடித்திருப்பவருக்குச் சொல்ல மாட்டாள். இத்தனைக்கும் இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. இரண்டு மூன்று அறுவடைத் திருவிழாவில் சேர்ந்து ஆடினார்கள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அது வெறும் பேச்சு. இந்தக் கதைக்கு வேண்டாதது. ஆனாலும் காதில் போட்டு வைப்பதில் தவறில்லை.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த சங்கதி. வரிசையாகச் சில வருஷங்கள் வெயிலே இல்லை. திராட்சை பழுக்கவில்லை, கடித்தால் காது வரை புளித்தது. சாதாரண ஒயினில் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கச் சட்டம் இடம் கொடுத்தது. உயர்ந்த ரகம் என்று சீட்டு ஒட்டுகிற ஒயினில் ஒரு துளி சேர்க்கக் கூடாது. ஆனால் விற்றது என்னவோ உயர்ந்த ரகம்தான். ஆகவே ரோட்லாய்க்குச் சர்க்கரைப் பாகு ஏற்றிய தொட்டி லாரி வந்தது. ஊர்ச் சந்துகளில் இரண்டு பூனைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். லாரிக்கு ஏது வழி? பார்ட்சன் வீட்டு வாசல் வளைவு ஒன்றுதான் வைக்கோல் வண்டி நுழைய உயர்த்திக் கட்டியது. லாரி அங்கே நின்றது. ஊரே பீப்பாய்களோடு அங்கே வந்தது. டிராக்டரில் வந்தவன், கைவண்டியில் வந்தவன், மனைவியின் துணி துவைக்கும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், எல்லாரும். கதவைத் திறந்து மூடுவது இர்மாவின் வேலை.

பிறகு ஒருநாள் லாரிக்காரன் வேறெங்கோ மாட்டினான். அதிகாரிகள் நேராகப் பார்ட்சன் முற்றத்துக்கு வந்தார்கள். கல்தரையில் பாகு சிந்திச் செருப்பு ஒட்டியது.

"இது யாருக்கெல்லாம் வந்தது?" என்று கேட்டார்கள்.

இர்மாவின் அப்பா மாட்டெஸ் அசரவில்லை. "எனக்குத்தான்."

"இவ்வளவுமா?"

"எனக்கு இனிப்புன்னா உசுரு."

அவர் கோர்ட்டிலும் அதையே சொன்னார். ஜெயிலுக்குப் போனார். ஊர் மூச்சுவிட்டது. மூச்சுவிட்ட சூட்டோடு, உர்பான் சபையிலிருந்து அவர் பெயரை அடித்தது. திராட்சைக் கொடிகளுக்குக் காவல் புனித உர்பான். ஊர்வலத்தில் அவரைத் தோளில் சுமக்கிறவர்கள் நான்கு பேர். அதில் முன் வலப்பக்கத் தோள் மாட்டெஸுடையது. அந்த இடம் நோர்பெர்ட்டின் அப்பாவுக்குப் போனது, அவருக்குப் பிறகு நோர்பெர்ட்டுக்கு வந்தது. மாட்டெஸ் ஜெயிலிலிருந்து திரும்பி மதுவிடுதியில் உட்கார்ந்தபோது, அந்த மேஜையில் இருந்தவர்கள் தங்கள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்கள். 'சர்க்கரை மாட்டெஸ்' என்ற பட்டத்தை வைத்தவர்களின் பீப்பாயிலும் அதே சர்க்கரைதான் நுரைத்துக்கொண்டிருந்தது. மாட்டெஸ் கடைசிவரை யார் பெயரையும் சொல்லவில்லை. மகளையும் சொல்ல விடவில்லை. அவருடைய சாவுக்கு மட்டும் ஊரே நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தது.

இவ்வளவையும் விழுங்கிக்கொண்டுதான் இர்மா இருந்தாள். அப்புறம் ஊருக்கு வரலாறு எழுதுகிற ஆசை வந்தது.

ஊர் முதன்முதலில் ஏட்டில் ஏறி ஆயிரத்து நூறு வருஷம் ஆகிறதாம். ஆற்றங்கரை நடைபாதையில் வரிசையாகக் கருநிறப் பலகைக்கற்களை நிறுத்துவது, கல்லுக்கு ஒரு வருஷம், ஒரு வரி என்று நோர்பெர்ட்டின் கமிட்டி முடிவு செய்தது. வாசகங்களை அச்சடித்து வீட்டுக்கு வீடு போட்டார்கள். ஏட்டுக்கும் முந்தியே ரோமாபுரிக்காரன் திராட்சை ஆலை வைத்தான். துறவிகள் திராட்சைக் கொடி நட்டார்கள். ஸ்வீடன்காரன் எரித்தான், பிரெஞ்சுக்காரன் குடித்தான், பிரஷ்யாக்காரன் வரி போட்டான். ஆற்றில் பனிக்கட்டி வந்து பாலத்தை உடைத்தது. கவனித்துப் பார்த்தால், அத்தனை காலத்திலும் ஊர்க்காரன் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்ததெல்லாம் வெளியூர்க்காரனும் வானிலையும்தான். கடைசிக் கல்லில் மட்டும் இப்படி இருந்தது: 'ஒரு குடும்பத்தின் பேராசையால் ஊரின் பெயர் கெட்டது. ஊராரின் ஒற்றுமையால் மீண்டது.'

இர்மா திராட்சைக் கொடி கட்டிக்கொண்டிருந்த கையோடு, இடுப்பில் வைக்கோல் நாரோடு, ஊர் அலுவலகத்துக்குப் போனாள்.

"நோர்பெர்ட், ஒரு குடும்பம்னு போட்டிருக்கியே, எந்தக் குடும்பம்டா அது?"

"பேரே போடலயே இர்மா. நாங்க எவ்வளவு நாசூக்கா..."

"பேரு வேற போடணுமா? ரோட்லாய்ல ஆட்டுக்குட்டியைக் கேட்டாக் கூட என் வீட்டைக் காட்டும்."

"இங்க பாரு, பழசைக் கிளறாத. எல்லாருக்கும் சங்கடம்."

"பழசைக் கிளறக் கூடாதுன்னா ரோமாபுரிக்காரனை எதுக்குடா தோண்டி எடுத்தே? அவன் நிம்மதியா படுத்திருந்தானே!"

பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது. நோர்பெர்ட் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"கல்லு வெட்டியாச்சு. கமிட்டி முடிவு. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?"

"பாகு வாங்க டிராக்டரை ஓட்டிட்டு வந்தப்போ எந்தக் கமிட்டியைக் கேட்டே? உங்க அப்பன் பின்னால நின்னு பீப்பாயைப் பிடிச்சுக்கிட்டான், நீ ஓட்டினே. கதவைத் திறந்தவ நான். மறந்துட்டியா, இல்ல, மறக்கறதுக்கும் கமிட்டி போட்டிருக்கா?"

"இர்மா, உனக்கு என்னதான் வேணும்?"

"ஒரு குடும்பம்கிறதை எடு. ஊருன்னு போடு. அவ்வளவுதான். எங்க அப்பன் உத்தமன்னு எழுதச் சொல்லல. திருடன்னே எழுது. கூட்டாளி எல்லாரையும் சேத்து எழுது."

"திருவிழா சமயத்துல..." என்று ஆரம்பித்தார் நோர்பெர்ட். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள். கதவைச் சாத்திய சத்தத்தில் சுவரில் மாட்டியிருந்த ஊர்ச்சின்னம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தட்டச்சு செய்யும் பெண் அதை நிமிர்த்தி வைக்கவில்லை என்றும் ஒரு பேச்சு.

ரோட்லாயில் ஒரு வழக்கம் உண்டு. மே கடைசியில் உர்பான் நாள். அந்த வருஷம் கொடி நன்றாகத் துளிர்த்திருந்தால் சாமிக்கு ஒயினில் குளியல். உறைபனி வந்து துளிரைக் கருக்கியிருந்தால் குளியல் கிடையாது, திட்டுதான். சாமியைத் துறையில் கவிழ்த்த பீப்பாய் மேல் உட்கார வைப்பார்கள். பனியில் கொடி இழந்த எவரும் வந்து திட்டலாம். சபையில் இருக்க வேண்டும் என்பதில்லை. திட்டுகிறவர் சாமியின் தோளில் கை வைக்க வேண்டும். கை இருக்கும் வரை எதிரே நிற்கிறவர் யாராயிருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த வருஷமும் பனி. எல்லாரும் திட்டி முடித்ததும் சாமியைக் கயிறு கட்டி ஆற்றில் முக்கி எடுப்பார்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது. சாமிக்கும் ஊருக்கும் மறுபடி சமாதானம்.

முன்பு பனி வந்த வருஷங்களில் அப்பா உயிரோடு இருந்தார்; இர்மாவை ஒரு பார்வையிலேயே உட்கார வைத்துவிடுவார். அவர் போன பிறகு பனியே வரவில்லை. இந்த வருஷம் வந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, சரிவு முழுக்கத் துளிரெல்லாம் வெந்நீரில் முக்கிய கீரை மாதிரி தொங்கியது. பெரிய பெரிய ஆம்பிளைகள் கொடி படர்ந்த கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இர்மாவின் சரிவு பள்ளத்தில் இருப்பது. அங்கே ஒன்றுகூட மிஞ்சவில்லை. பக்கத்துச் சரிவுக்காரி, எண்பது தாண்டிய ஆக்னெஸ் சென்சன், அவளைத் தேற்றலாம் என்று மூச்சிரைக்க நடந்து வந்தாள்.

"போச்சேடி இர்மா, எல்லாம் போச்சே!"

இர்மா ஒரு கருகிய துளிரைக் கிள்ளி விரலில் நசுக்கினாள். "போகட்டும் ஆக்னெஸ்க்கா. இந்த வருஷம் பேசலாம்."

உர்பான் நாளன்று துறையில் நிற்க இடமில்லை. சாமி பீப்பாய் மேல் இருந்தார். அவருக்குப் பின்னால், நடைபாதை நெடுக, சாக்குத்துணி போர்த்திய கற்கள். ஊர்வலம் முடிந்ததும் நோர்பெர்ட் துணியை நீக்குவதாக ஏற்பாடு. கடைசிக் கல் தண்ணீரை ஒட்டி இருந்தது; அதன் குழிக்கு இன்னும் சிமென்ட் ஊற்றவில்லை, சும்மா சாய்த்து வைத்திருந்தார்கள்.

முதலில் வழக்கமான திட்டுகள். ஒருவர், "உனக்குச் சரிகை வச்ச அங்கி, என் கொடிக்கு ஒரு கந்தலுக்குக் கூட வழியில்லையா?" என்றார். ஆக்னெஸ் சென்சன், "போன வருஷம் உன்னைக் குளிப்பாட்டின ஒயினைத் திருப்பிக் குடுடா, தண்டச்சோறு!" என்றாள். ஊர் சிரித்தது. சாமியை இப்படித் திட்டுவதில் எல்லாருக்கும் ஒரு குஷிதான்.

இர்மா வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாமியின் தோளில் கை வைத்தாள்.

"உர்பானே, பனியைப் பத்திக் கேக்க வரல. அது உன் பொழப்பு. நான் வேற கேக்கறேன். உன் மாடம் எங்க வீட்டுக்கு எதிர்லதானே இருக்கு? லாரி வந்ததைப் பாத்தியா இல்லயா? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சாமியைச் சுமக்கும் தண்டின் முன் வலப்பக்க முனையைப் பிடித்து நின்றிருந்த நோர்பெர்ட் ஓர் எட்டு முன்னால் வந்தார். "இர்மா, இது அதுக்கான இடம்..."

"வாயை மூடுடா!" என்று கத்தியது ஆக்னெஸ் சென்சன். "அவ கை சாமி மேல இருக்கு. அடுத்த வருஷமும் கருகணுமா?"

"கருகணுமா?" என்று பின்னாலிருந்து இன்னும் நாலைந்து குரல்கள். நோர்பெர்ட் வாயை மூடினார்.

"கதவைத் திறந்தவ நான்" என்றாள் இர்மா. "என் பேரை முதல்ல வச்சுக்கோ. அப்புறம் யாரு வந்தா? இதோ சத்தம் போட்டுச்சே, இந்த ஆக்னெஸ்க்கா வீட்டுக் கைவண்டி வந்துச்சு. அதோட சக்கரம் கீச்சு கீச்சுன்னு தெருவையே எழுப்பும். எண்ணெய் போட வக்கில்ல, சர்க்கரைக்கு வந்துட்டாங்க. மேலத்தெரு வந்துச்சு. கீழத்தெரு வந்துச்சு. விடுதிக்காரன் ரெண்டு தடவை வந்தான். கோயில் திராட்சைக்குன்னு சாமியார் வீட்லேந்து ஒரு பீப்பாய் வந்துச்சு. பூசை ஒயின்லயே இருந்துச்சுடா உர்பானே! நீயும் குடிச்சே! குடிச்சிட்டு இப்படி மரமாட்டம் உக்காந்திருக்கே!"

ஆக்னெஸ் சென்சன் தலை குனிந்துகொண்டாள். கத்தவும் முடியாது, போகவும் முடியாது. கை சாமி மேல் இருந்தது.

"எங்க அப்பன் யோக்கியன்னு சொல்ல வரல. அவனும் கள்ளன்தான். ஆனா ஒத்தக் கள்ளன் இல்ல. ஊர் மொத்தத்தையும் தன் கோட்டுக்குள்ள மறைச்சுக்கிட்டு ஜெயிலுக்குப் போனான். திரும்பி வந்தப்போ கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போனீங்க. அவன் தோள் பட்ட தண்டை வேற ஒருத்தன் தோள்ல வச்சீங்க. அவன் அதுக்கும் ஒண்ணும் சொல்லல. சாவுற வரைக்கும் சொல்லல. அந்த ஆள் வாயை மூடினதாலதான் இன்னிக்கு உங்க வீட்டு வாசல்ல எல்லாம் பச்சைக்கொத்து தொங்குது. அதுக்கு இவங்க குடுத்த கூலி என்ன தெரியுமா உர்பானே? அதோ, உன் முதுகுக்குப் பின்னால சாக்கு போத்தி நிக்குது. உனக்குத் திரும்பிப் பாக்க முடியாது. நான் படிச்சுச் சொல்றேன்."

சொன்னாள். பேராசை, ஒற்றுமை, எல்லாம். மனப்பாடமாக இருந்தது. ஒற்றுமை என்ற இடத்தில் குரல் கிழிந்தது. கிழிந்த குரலிலேயே முடித்தாள்.

"உன்னைத் தண்ணில முக்கறது அநியாயம் உர்பானே. நீ சும்மா பாத்துக்கிட்டுதான் இருந்தே. இவங்க கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க."

கையை எடுத்தாள். இனி யாரும் பேசலாம். வாத்தியக்காரர்கள் ஊதுகுழலை மடியில் வைத்துக்கொண்டு செருப்பைப் பார்த்தார்கள்.

அப்புறம் 'தொபுக்கடீர்' என்று ஒரு சத்தம். அது எல்லாருக்கும் கேட்டது. பின்னால் நின்றவர்களுக்கு முன்வரிசையின் முதுகுதான் தெரிந்தது; அவர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். முன்வரிசைக்கு எல்லாமே தெரிந்தது. அவர்கள் பின்வரிசை சொன்னதைத் திருத்தவில்லை. குடிகாரி ஒருத்தி சாமியை ஆற்றில் எறிந்தாள் என்பது ஊருக்குச் சௌகரியம். அப்படிச் சொன்னால் சாமி பரிதாபம், அவள் பைத்தியம், மற்றவர்கள் பார்வையாளர்கள். நாற்பது வருஷம் பழகிய வேலைதானே, கை தானாகவே செய்துவிடும்.

இப்போது இலையுதிர்காலம். இர்மாவின் முற்றத்தில் கூட்டம். விளைச்சல் இல்லாததால் போன வருஷத்து ஒயின். நேற்று கொலோனிலிருந்து வந்த ஒரு கும்பல் அடையை வெட்டிக்கொண்டே குசுகுசுவென்று பேசிச் சிரித்தது. கடைசியில் அதில் ஒருத்தி துணிந்து கேட்டாள்.

"ஏங்க, சாமியைத் தூக்கி ஆத்துல போட்டது நீங்கதானாமே? நல்லா ஏத்திக்கிட்டு..."

இர்மா தட்டை மேஜையில் 'டங்'கென்று வைத்தாள். ஓரத்து மேஜையில் இரண்டு உள்ளூர்க்காரர்கள் கிண்ணத்துக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்கள்.

"யாரு சொன்னா? சாமி மரம். போட்டா மிதக்கும். எனக்கு முழுகறது வேணும். கல்லைப் போட்டேன். கடைசிக் கல்லை. ஒரு சொட்டு குடிக்கல, வெறும் வயித்தோட போட்டேன்."

"ஒத்தையாவா? அவ்வளவு பெரிய கல்லை?"

"ஒத்தையா எப்படிங்க முடியும்? என்ன கனம் கனக்கும் அது! நான் இந்தப் பக்கம் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தேன், அசையல. அந்தப் பக்கம் ஒருத்தன் வந்து பிடிச்சான். நிமிந்து பாத்தா, இந்த ஊர்த்தலைவன். நோர்பெர்ட் கெட்டெர்ன்."

ஓரத்து மேஜையில் ஒருவர் இருமினார். இர்மா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"என்ன இருமறே? நீயும்தான் முன்னால நின்னே. சொல்ல வேண்டியதுதானே?"

பிறகு வலது காலின் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல், அடைத்தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக் காட்டினாள். பெருவிரல் நகம் மொத்தமும் கருத்திருந்தது.

"தூக்கத்தான் வந்தான், முட்டாப்பய. தண்ணி வர்றதுக்கு முன்னாடியே கையை விட்டுட்டான்."